மலை வாசலில் ஒரு கியூஆர் கோடு

2025 ஏப்ரல் 2ஆம் தேதி நீலகிரியில் கடையடைப்பு. ஊட்டியில் கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. விடுதிகளும் உணவகங்களும் மூடிக் கிடந்தன. வாடகைக் கார்கள் ஓடவில்லை. சீசன் தொடங்கும் மாதத்தில், நாலு காசு பார்க்க வேண்டிய நாளில், வியாபாரிகள் தாங்களாகவே கடையை மூடினார்கள் என்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது. அவர்கள் எதிர்த்தது ஓர் இணையப் படிவத்தை. வெளியூர் வண்டிகள் மலையேறுவதற்கு முன்பே பதிவு செய்து பெற வேண்டிய இ-பாஸுக்கு முந்தைய நாள்தான் உச்சவரம்பு வந்திருந்தது: வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000.

தமிழ்நாட்டுக்கு இ-பாஸ் அறிமுகமானது 2020 ஊரடங்கில். சாவு வீட்டுக்குப் போகவும் கல்யாணத்துக்குப் போகவும் அனுமதி கேட்டு கைப்பேசியோடு மல்லுக்கட்டிய அனுபவம் அந்தத் தலைமுறைக்கே மறக்காது. தொற்று ஓய்ந்ததும் அது மறைந்துபோனது. நான்கு ஆண்டுகள் கழித்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது திரும்பி வந்தபோது காரணம் வேறாக இருந்தது.

2024 ஏப்ரல் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி அமர்வு இ-பாஸைக் கட்டாயமாக்கும் உத்தரவைப் பிறப்பித்தது. சீசன் நாட்களில் நீலகிரிக்குள் தினமும் நுழையும் வண்டிகளின் கணக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது: கார்கள் 11,509, வேன்கள் 1,341, பேருந்துகள் 637, இருசக்கர வாகனங்கள் 6,524. மொத்தம் 20,011. இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பகல் 12 மணி நேரத்துக்குள் இவ்வளவும் ஏறுவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 27 வண்டிகளுக்கு மேல். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகையே 7,35,394தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் ஒரு பேருந்து திணறி நின்றால், பின்னால் பர்லியார் வரை வரிசை நீளும்.

2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. ஜூன் 30 வரை என்று தொடங்கி, பிறகு செப்டம்பர் வரை நீண்டு, அதன்பின் மறு உத்தரவு வரும் வரை என்றானது. முதல் ஆண்டில் எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது. கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். வண்டி எண், வண்டியின் வகை, எத்தனை பேர், எந்தத் தேதியில் வருகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று நிரப்பினால் கியூஆர் கோடோடு பாஸ் வந்துவிடும். கட்டணமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வதே அப்போதைய நோக்கம். மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் அடுத்த அடியை வைத்து, ஏப்ரல் முதல் ஜூன் வரை மேற்சொன்ன உச்சவரம்பை விதித்தது. உள்ளூர் வண்டிகள், அரசுப் பேருந்துகள், அவசர ஊர்திகள், விளைபொருள் ஏற்றும் வண்டிகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

எண்ணுவது ஒரு வேலை. தடுப்பது வேறொரு வேலை. நீலகிரி இ-பாஸைச் சுற்றி நடக்கும் சண்டையில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது.

வியாபாரிகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஊட்டியில் பலருக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி ஏப்ரல், மே இரண்டு மாதங்களில் வர வேண்டும். வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், தைல பாட்டில், கம்பளித் தொப்பி விற்கும் கடைக்காரர் எந்த முன்பதிவு இணையதளத்திலும் இல்லை. அவருக்கு வாடிக்கையாளர் என்பவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைப்பக்கம் நடந்து வருபவர். பெரிய ரிசார்ட்டில் தங்குகிறவர் இரண்டு மாதத்துக்கு முன்பே அறை பதிவு செய்கிறார். அதே கையோடு இ-பாஸும் எடுத்துவிடுவார். திருப்பூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை காலையில், “சும்மா ஊட்டி வரைக்கும் போயிட்டு வரலாமா” என்று கிளம்பும் குடும்பத்துக்குத்தான் வாசல் அடைபடுகிறது. அந்தக் குடும்பம் வந்தால் பிழைப்பது சின்னக் கடை. வரம்பின் சுமை இப்படி மேலிருந்து கீழே இறங்குகிறது என்பதை அதை ஆதரிப்பவர்கள் போதுமான அளவு பேசவில்லை.

ஆனால் மலைவாசிகளின் இன்னொரு பகுதியிடம் கேட்டால் வேறு பட்டியல் வரும். கோடை வந்தால் குடிநீர் முறைவைத்து வரும். சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை போடுகிறார்கள். அப்படியும் நெரிசல் தீர்வதில்லை. கூடலூரில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் ஊட்டி அரசு மருத்துவமனை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைச்சாலையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு திறக்கப்பட்டது நல்ல செய்திதான். அங்கே போய்ச் சேர்வதற்குச் சாலை காலியாக இருக்க வேண்டும். மழைக்காலம் வந்தாலோ கவலையே வேறு. மாவட்டத்தில் 283 இடங்கள் ஆபத்தானவை என்று நிர்வாகமே அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. 2009 நவம்பர் மண்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் மண் மூடியபோது, பந்தலூரில் இருப்பவர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சாவு. வயநாட்டின் எல்லை அவர்கள் ஊர்க்கோடியில்தான் இருக்கிறது.

இரண்டு தரப்பும் சொல்வது உண்மையாக இருக்கும்போது, கேள்வி இணையப் படிவத்தைத் தாண்டிப் போகிறது. அந்தப் படிவத்தின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள், அவர்கள் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாறு, கோத்தகிரி வழியில் குஞ்சப்பனை, கர்நாடக எல்லையில் கக்கநல்லா, கேரளத்தைப் பார்த்து நாடுகாணி, பாட்டவயல், தாளூர், சோலாடி என்று நீலகிரிக்கு வாசல்கள் பல. ஒவ்வொன்றிலும் ஊழியர் ஒருவர் கைப்பேசியை நீட்டி கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். பாஸ் இல்லாமல் வந்தவர் அங்கேயே ஓரங்கட்டி விண்ணப்பிப்பார். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் ஓடிபி வரத் தாமதமாகும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். பின்சீட்டில் குழந்தை அழும். 400 கிலோமீட்டர் வண்டியோட்டி வந்தவரிடம், “இன்னைக்குக் கோட்டா முடிஞ்சிருச்சு சார், திரும்பிப் போங்க” என்று சொல்ல வேண்டியவர் அந்த ஊழியர்தான். நீதிமன்றமும் அரசும் எடுத்த முடிவின் முழுக் கசப்பையும், அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் வெயிலிலும் மழையிலும் நின்று வாங்கிக்கொள்கிறார்.

இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இன்னொரு தொழில்நுட்பம் வேறு விதமாக நடக்கிறது. கோவை மதுக்கரை வனச்சரகத்தில், கேரளம் செல்லும் ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவது வழக்கமாக இருந்தது. 2024 பிப்ரவரியில் வனத்துறை ₹7.24 கோடி செலவில் 12 கோபுரங்கள், 24 கேமராக்களோடு செயற்கை நுண்ணறிவு கண்காணிப்பு மையம் ஒன்றை அங்கே தொடங்கியது. வெப்பத்தை உணரும் கேமராக்கள் தண்டவாளத்துக்கு அருகே வரும் யானையைக் கண்டதும் கட்டுப்பாட்டு அறைக்குச் சேதி போகிறது; அங்கிருந்து ரயில்வேக்குப் போகிறது; ரயில் வேகத்தைக் குறைக்கிறது. கேமராவின் திறமை பாதிதான். சேதி கிடைத்த மறுநிமிடம் ரயிலின் வேகத்தைக் குறைக்க ஓட்டுநருக்கு அதிகாரமும் உத்தரவும் இருப்பது மீதிப் பாதி.

அதைவிட எளிய உதாரணம் நீலகிரிக்குள்ளேயே உண்டு, அதில் கணினியின் பங்கு மிகக் குறைவு. காட்டில் வீசப்பட்ட மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழித்தன. இது தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டபின், 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு ₹10 கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் நீலகிரியில்தான் முதலில் தொடங்கியது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. குடித்தவர் வீசிய பாட்டிலைக்கூட இன்னொருவர் பொறுக்கி எடுத்து வருகிறார், பத்து ரூபாய் இருக்கிறதே. கடை ஊழியர்களுக்கு வேலைச்சுமை கூடியது என்ற குறை நியாயமானது; அதற்குத் தீர்வு வேண்டும். இருந்தாலும், விதியை மதிப்பவருக்கு உடனே கைமேல் பலன் கிடைப்பதால் அந்தத் திட்டம் நிற்கிறது. இ-பாஸ் எடுத்து வந்தவருக்கோ அப்படி எந்தப் பலனும் இல்லை. பாஸ் இல்லாதவரோடு அதே வரிசையில்தான் அவரும் நிற்கிறார்.

வெளியே என்ன நடந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். இமாச்சலத்தின் ரோதங் கணவாய்க்கு நாளொன்றுக்கு 1,200 சுற்றுலா வண்டிகள் மட்டும், அதில் பெட்ரோல் 800, டீசல் 400 என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு வைத்தது, அனுமதி இணையத்தில். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்ததும் கூட்டம் அந்த வழியே மலைக்கு அப்பால் லாஹுலுக்குப் பாய்ந்தது. ஒரு வாசலில் பூட்டுப் போட்டால் கூட்டம் பக்கத்து வாசலுக்குப் போகும். தமிழ்நாட்டிலும் அதுவே நடந்தது: வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயமானது. வெனிஸ் நகரம் 2024இல், நெரிசல் மிகுந்த 29 நாட்களுக்கு, பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்கியது; மறு ஆண்டு கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு அது 10 யூரோ. காசு வசூலானது; கூட்டம் குறைந்ததா என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை.

தமிழர்களுக்கு மிகவும் பழகிய உதாரணம் சபரிமலை. அங்கே இணையவழி வரிசை பல ஆண்டுகளாக இருக்கிறது. 2024 மண்டல காலத்துக்கு முன் கேரள அரசு நேரடிப் பதிவை நிறுத்தி, எல்லாமே இணையம் வழிதான் என்று அறிவித்தது. விரதம் இருந்து, மாலை போட்டு, இருமுடி கட்டி வரும் கிராமத்து ஐயப்ப பக்தர் இணையத்தில் பெயர் இல்லை என்பதற்காகத் திரும்பிப் போவதா என்று எதிர்ப்பு கிளம்ப, அரசு இறங்கி வந்தது. நாளொன்றுக்கு 70,000 பேர் இணையத்தில், 10,000 பேர் நேரில் என்ற ஏற்பாடு வந்தது. நீலகிரி கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. வரம்பு இருக்கட்டும், அதில் ஒரு பங்கை நேரில் வருபவர்களுக்கு ஒதுக்கி வைத்தால், ஞாயிற்றுக்கிழமைக் குடும்பத்துக்கும் ஊட்டி கமர்ஷியல் சாலைக் கடைக்காரருக்கும் வழி பிறக்கும்.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு: உள்ளூர்க்காரர் யார்? படிவத்துக்கு டி.என். 43 என்ற வண்டி எண் போதும். வாழ்க்கை அவ்வளவு நேராக இல்லை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குச் சந்தையும் ஆஸ்பத்திரியும் உறவும் பாதி கேரளத்தில். பலர் வைத்திருப்பது கே.எல். எண் வண்டி. படுகர் குடும்பங்களில் பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பார்கள். ஹெத்தை பண்டிகைக்கோ, தங்கள் கிராமமான ஹட்டியில் ஒரு பெரியவர் இறந்ததற்கோ கோவை எண் வண்டியில்தான் ஏறி வருவார்கள். நடுராத்திரி சாவுச் சேதி கேட்டுக் கிளம்புகிறவரிடம், சொந்த ஹட்டிக்குப் போக “எங்கே தங்குகிறீர்கள்” என்று ஒரு படிவம் கேட்பது மனதைக் குத்தும். வெளியூர்ப் பதிவெண் வண்டி வைத்திருக்கும் உள்ளூர்வாசிகள் ஆவணம் காட்டிப் பதிந்துகொள்ள ஏற்பாடு வந்தது சரியான திருத்தம். அந்த ஏற்பாடு வெளியூரில் வாழும் மலைப் பிள்ளைகளுக்கும் நீள வேண்டும்.

வாசலில் இவ்வளவு கேள்வி கேட்கும் அமைப்பு, உள்ளே வந்தபின் வண்டி எங்கே போகிறது என்பதைக் கூகுள் மேப்ஸ் கையில் விட்டுவிடுகிறது. 2024 ஜனவரி இறுதியில் கூடலூரில் வார இறுதியைக் கழித்துவிட்டுக் கர்நாடகம் திரும்பிய சிலர், மேப்ஸ் காட்டிய ‘விரைவான வழி’யை நம்பிப் போய், வீடுகளுக்கு நடுவே இறங்கும் படிக்கட்டில் காரை இறக்கிவிட்டார்கள். காவலர் குடியிருப்பு இருக்கும் பகுதி அது. அக்கம்பக்கத்தாரும் போலீஸாரும் சேர்ந்து தள்ளித்தான் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்லட்டி சாலையில் அப்படித் தப்ப முடியாது. ஊட்டியையும் மசினகுடியையும் இணைக்கும் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த எழுவர் சென்ற கார் அங்கே பள்ளத்தில் விழுந்து இரண்டு நாட்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஐந்து பேர் உயிரோடு மீளவில்லை. சமவெளி ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மலையில் ஓட்டிப் பழகியவர் முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்குவார். இந்த ஒரு வரி எச்சரிக்கையை, பாஸ் கையில் வரும் அதே நொடியில் ஓட்டுநரின் கைப்பேசிக்கு அனுப்புவதற்குப் பெரிய செலவு ஆகாது. எந்தச் சாலையில் வெளியூர் வண்டிக்கு அனுமதி இல்லை என்ற தகவலை வரைபட நிறுவனங்களுக்குக் கொடுத்து, அதைக் காட்டும்படி வற்புறுத்துவதும் அரசின் கடமை.

அடுத்தது தகவல் பாதுகாப்பு. கைப்பேசி எண், வண்டி எண், வரும் நாள், போகும் நாள், தங்கும் இடம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால், ஒரு குடும்பத்தின் வீடு எந்த நாட்களில் பூட்டிக் கிடக்கும் என்பது வரை தெரிந்துவிடும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொன்னது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எந்த நோக்கத்துக்காகத் தகவல் வாங்கப்பட்டதோ அது முடிந்ததும் அதை அழிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் ஆதாரக் கொள்கை. அரசுக்குச் சட்டம் பல சலுகைகள் கொடுத்திருக்கிறது. அவற்றின் பின்னால் ஒளியாமல், பயணம் முடிந்து எத்தனை நாளில் இந்தத் தகவல் அழிக்கப்படும் என்று இ-பாஸ் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைப்பது நேர்மை.

பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டால் எஞ்சும் மொத்தக் கணக்கு பொதுச் சொத்து. ஒவ்வொரு நாளும் எத்தனை வண்டிகள் பதிந்தன, எத்தனை உண்மையில் வந்தன, எந்த வாசல் வழியாக, எத்தனை திரும்பி அனுப்பப்பட்டன என்பதை வெளியிட்டால், வியாபாரிகளும் சூழல் ஆர்வலர்களும் ஒரே எண்ணை வைத்து வாதிடலாம். இப்போது ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

வண்டிகளைக் குறைத்தால் ஆட்களும் குறைய வேண்டும் என்று கட்டாயமில்லை. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் மேட்டுப்பாளையம் வந்து இறங்கும் குடும்பத்துக்கு இ-பாஸே வேண்டாம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் அவர்கள் பேருந்தைத் தேடுவார்கள். அந்தப் பேருந்து கால் மணிக்கு ஒன்று கிளம்பி, ஊட்டியில் இறங்கியதும் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று சுற்றுப்பேருந்து காத்திருந்தால், காரில் வருபவர்களில் பலரே அடிவாரத்தில் காரை விட்டுவிடுவார்கள். கடைக்காரருக்கு வாடிக்கையாளர் குறையமாட்டார், சாலைக்கு வண்டி குறையும். உச்சவரம்பைப் போட்ட வேகத்தில் இந்தப் பேருந்துகள் வரவில்லை என்பதே வியாபாரிகளின் கோபத்துக்கு வலுவான அடிப்படை.

கார்களை எண்ணுகிறவர்கள் அறைகளை எண்ணவில்லை என்ற குற்றச்சாட்டும் அதே அளவு வலுவானது. மலைப்பகுதிக் கட்டுமானங்களுக்கு 1990 முதலே தனி ஆணையமும் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. இருந்தும் சரிவுகளில் மாடி மேல் மாடி எழுகிறது. தேயிலைத் தோட்டத்து நடுவே வீடு என்ற பெயரில் கட்டிய கட்டடம் இணையத்தில் தங்கும் விடுதியாக விலை பேசப்படுகிறது. இ-பாஸ் படிவம் இதற்கு ஒரு வழியைத் தானே திறந்து வைத்திருக்கிறது. எங்கே தங்குகிறீர்கள் என்ற கட்டத்தில் ஆயிரக்கணக்கான பயணிகள் தங்கள் கைப்பட விடுதிப் பெயர்களை எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை உள்ளாட்சி உரிமப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உரிமமே இல்லாமல் அறை விடுகிறவர்கள் யார், அவர்களின் கழிவுநீர் எந்த ஓடையில் கலக்கிறது என்று தேடிப் போக வேண்டிய முகவரிகள் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். நகராட்சிகளும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து அடுத்த சீசனுக்கு முன்பே இதைச் செய்து முடிக்கலாம்.